தையல் மெஷின் மட்டும் கேட்காதீர்கள்: தோட்டப்புற மகளிர் திட்டங்களுக்கு மானியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன மகளிர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். எல்ஃபில், ஹீவுட், டவன்பி, கமுனிங் என்று ஊரைச் சுற்றித் தோட்டங்கள். முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. இன்னும் லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களும், தோட்டத்தை விட்டு டவுன் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டவர்களும் எங்கள் உறுப்பினர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்து, "அக்கா, மானியம் எப்படி எடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். கோயில் மகளிர் பகுதி, பள்ளிப் பெற்றோர், வேலையிழந்த நாலு பேர் சேர்ந்து தொடங்கிய குழு என்று கேட்பவர்கள் பலவிதம், கேள்விகள் மட்டும் ஒரே விதம். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

மானியமும் கடனும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பாதிப் பேர் தவறான கவுண்டரில் போய் நிற்கிறார்கள். அமானா இக்தியார் மலேசியா 1987-இலிருந்து ஏழைப் பெண்களுக்குக் கொடுத்துவருவது சிறுகடன். 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்று அவர்கள் தொடங்கிய 'பெண்' திட்டமும் கடன்தான். அரசாங்கத்தின் டெக்குன் நிறுவனம் வழியாக இந்தியச் சிறுவியாபாரிகளுக்கு வரும் ஸ்பூமி கடன், பேங்க் ரக்யாட்டின் பிரீஃப்-ஐயும் கடன். இவற்றைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மானியத்தைவிடச் சிறுகடன் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அது அந்தப் பெண்ணின் பெயரில் வருகிறது, அவரே திருப்பிக் கட்ட வேண்டும்.

நாம் இங்கே பேசுவது சங்கத்துக்கு வரும் பணம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சொன்ன வேலைக்குச் சொன்னபடி செலவழித்ததைக் காட்ட வேண்டும். எங்கள் தலைவி சொல்வார்: கடனுக்கு வட்டி கட்டணும், மானியத்துக்கு அறிக்கை கட்டணும். இரண்டையும் கட்டியவர் அவர், எது கஷ்டம் என்று கேட்டால் சிரிப்பார்.

எங்கள் குழு பதிவு செய்யப்படவில்லை. விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலான இடங்களில் முடியாது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்கங்களின் பதிவிலாகாவில், ஈரோசஸ் என்ற இணையத் தளம் வழியாகச் செய்ய வேண்டும். சட்டவிதிகள் எழுதி, பொறுப்பாளர்கள் பெயர் கொடுத்து, ஒப்புதல் வருவதற்குள் பொறுமை சோதிக்கப்படும்.

அவசரமென்றால் வேறு வழி உண்டு. ஏற்கெனவே பதிவுள்ள ஒரு சங்கத்தின் குடையின் கீழ் திட்டத்தை நடத்தலாம். அப்படிச் செய்தால் பணம் யார் கணக்கில் வரும், காசோலையில் யார் கையெழுத்து, திட்டம் முடிந்தபின் வாங்கிய பொருள் யாருக்கு என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிட்டு, பிறகு ஓர் அடுப்புக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். கோயில் மகளிர் பகுதி என்றால், கோயிலின் பதிவிலேயே விண்ணப்பிக்கலாமா என்று முதலில் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். சட்டவிதியில் சமூக நலப் பணி பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

பதிவு இருக்கிறது, ஆனால் பல வருஷமாக எதுவும் அனுப்பவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். மானியம் கொடுப்பவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்: கடைசிக் கூட்டக் குறிப்பு, கடைசிக் கணக்கு, இப்போதைய பொறுப்பாளர் பட்டியல். போன தவணையின் பொருளாளர் பெயரே வங்கியில் இன்னும் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் கோப்பு ஓரமாக வைக்கப்படும். கூட்டம் போட்டு, பாக்கியை எல்லாம் அனுப்பி முடித்துவிட்டு வாருங்கள். மானியம் அதுவரை காத்திருக்காதுதான், ஆனால் அடுத்த வருஷம் திரும்ப வரும்.

சங்கத்துக்குப் பதில் கூட்டுறவு தொடங்கினால் நல்லதா?

எதற்காக என்பதைப் பொறுத்தது. பயிற்சி கொடுப்பது, துணை நிற்பது போன்றவற்றுக்குச் சங்கம் போதும். பெண்கள் சேர்ந்து பொருள் செய்து, விற்று, லாபத்தைப் பங்கு போடுவதென்றால் கூட்டுறவுதான் சரி, ஏனென்றால் சங்கம் உறுப்பினர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுக்க முடியாது. நம்ம ஊர்க்காரர்களுக்குக் கூட்டுறவு புதிதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், இதே ஊரில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி (ரிங்கிட்) பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். பாட்டிமார்களிடம் கேட்டால் பங்குச் சீட்டை எங்கே வைத்தோம் என்று பெட்டியைத் தேடுவார்கள்.

சரி, பணம் யார்தான் கொடுக்கிறார்கள்?

அரசாங்கப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். இந்தியச் சமூகத்துக்கென்று மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு இருக்கிறது. 2014-இல் செடிக் என்று தொடங்கி 2018-இல் பெயர் மாறியது. ஆண்டு ஒதுக்கீடு 10 கோடி வெள்ளி என்பது பரவலாகப் பேசப்படும் எண். அந்த 10 கோடியில் எவ்வளவு சங்கங்களுக்குப் போகிறது, எவ்வளவு நேரடித் திட்டங்களுக்குப் போகிறது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் இடையே அது இடம் மாறியதும் உண்டு. அதனால் போன வருஷப் பாரத்தை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 2021-இல் மித்ரா நிதி பற்றி ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்துப் பலரைக் கைது செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது ரசீதைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு என் பதில்: கேட்கட்டும், நம் பிள்ளைகளின் பணம்.

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள மகளிர் மேம்பாட்டு இலாகாவும் மகளிர் அமைப்புகளின் நிகழ்ச்சிகளுக்கு நிதி கொடுப்பதுண்டு. இன அடிப்படை இல்லாததால் நம் சங்கங்கள் பல இதை எட்டிப்பார்ப்பதே இல்லை. அது தவறு. நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீடு சிறு தொகைக்குச் சரி: ஒரு கேஸ் அடுப்பு, ஒருநாள் பயிற்சிக்குச் சாப்பாடு. நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு தொகுதி தொகுதியாக வந்து, உள்ளூர்ப் பிரச்சினையைக் கேட்டு, உள்ளூர் அமைப்புகளுக்கே சிறு திட்டம் கொடுக்கிறது. உங்கள் தொகுதிக்கு அவர்கள் வரும்போது அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருங்கள். வாய் திறந்து பேசுங்கள். பட்டியலில் வருவது பேசியவர்களின் பிரச்சினைதான்.

அறவாரியங்கள் பக்கத்தில் பெரியது, அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவின் யாயாசான் ஹசானா. பெரிய தொகை, அதற்கேற்ற பெரிய கேள்விகள், இணையம் வழியாக விண்ணப்பம். இரண்டு மூன்று வருஷமாகக் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் அமைப்புக்குத்தான் அது பொருந்தும். வங்கிகள், தோட்டக் கம்பெனிகள் நடத்தும் அறவாரியங்களும் உண்டு. உங்கள் பகுதித் தோட்டம் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று பார்த்து, அதன் அறவாரியத்தில் முதலில் கேளுங்கள்.

அப்புறம் தூதரகங்கள். கோலாலம்பூரில் கனடா தூதரகத்தின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடிமட்ட மக்கள் பாதுகாப்புத் திட்ட உதவி ஆகியவை சின்னச் சங்கங்களும் கேட்கக்கூடியவை. கனடா பாலின சமத்துவத்தை முக்கியமாகப் பார்க்கும். ஜப்பான் கட்டடம், கருவி, வாகனம் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் கொடுக்கும், சம்பளத்துக்குக் கொடுக்காது. வெள்ளைக்காரர் வந்து பார்ப்பார்களே, நாம் எப்படிப் பேசுவது என்று பயப்படுகிறார்கள். எங்களைப் பார்க்க வந்த அதிகாரி உள்ளூர்க்காரர், தேநீரைவிட மசால்வடைதான் அவருக்குப் பிடித்திருந்தது.

பத்துத் தையல் மெஷின் கேட்கலாம் என்று இருக்கிறோம். கிடைக்குமா?

கிடைக்கலாம். எங்களுக்கும் ஒருமுறை கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபத்தில் பத்து மெஷின், மாலை போட்டுத் திறப்பு விழா, பத்திரிகையில் படம். வகுப்பு இரவு ஏழரைக்கு. முதல் வாரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள், ஆறாவது வாரம் ஐந்து பேர். லயத்திலிருந்து வருபவர்களுக்கு ஒன்பதரைக்குத் திரும்பிப் போக வண்டி இல்லை. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தங்கை, ஒரு கையால் துணியைத் தள்ளி, மறுகையால் பிள்ளையை மெஷின் பக்கம் வராமல் தடுத்துக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினாள். அப்புறம் வரவில்லை. கடைசிவரை வந்தவர்கள் நன்றாகத்தான் தைத்தார்கள், ஆனால் வாங்க ஆள் இல்லை. ஒரு வருஷம் கழித்து ஏழு மெஷின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றன. நிதி கொடுத்தவர்கள் பார்க்க வரும் நாளில் சேலையை எடுத்துவிட்டு ஆட்களை உட்கார வைத்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்த விண்ணப்பத்தில் நாங்கள் மெஷினே கேட்கவில்லை. கேட்டது நான்கு: வாரம் இருமுறை வேன் காசு, பிள்ளை பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குச் சம்பளம், ஒரு ஓவர்லாக் மெஷின், ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் ஒருவருக்கு ஆறு மாதப் படி. வகுப்பைக் காலை ஒன்பதரைக்கு மாற்றினோம், பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். சேலை போர்த்திய மெஷின்கள் திரும்ப ஓடின.

பிள்ளை பார்க்கும் இடத்தைப் புதிய யோசனை என்று எங்களைப் பார்க்க வந்த அதிகாரி பாராட்டினார். நம் அம்மாமார்கள் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனது அவருக்கு எப்படித் தெரியும்! ஒன்று மட்டும் கவனம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு வேண்டும். சமூக நல இலாகாவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

"பொருளாதாரத் தற்சார்பு" என்று பாரத்தில் இருக்கிறது. அதற்கு என்ன எழுதுவது?

இங்கேதான் எல்லோரும் அளந்துவிடுவார்கள். "30 பெண்கள் தொழில்முனைவோர் ஆவார்கள்" என்று எழுதிவிட்டு, பிறகு அந்த முப்பது பேரைத் தேடிக்கொண்டு அலைவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் லைனிங் வைத்த ரவிக்கைக்கு 40 வெள்ளி வாங்குகிறார். லைனிங் துணி, நூல், ஹூக், மின்சாரம் எல்லாம் போக 30 வெள்ளி கையில் நிற்கும். ஒன்று தைக்க மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 10 வெள்ளி. 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8.72. ஆக, மணிக்கணக்கில் பார்த்தால் தொழிற்சாலையைவிட மேல். ஆனால் சாதாரண மாதத்தில் அவருக்கு வருவது பன்னிரண்டு ரவிக்கை, அதாவது 360 வெள்ளி. 1,700 வெள்ளியைத் தொட 57 ரவிக்கை வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம் தவிர எப்போதும் அது நடக்காது.

அதனால் நாங்கள் "தற்சார்பு அடைவார்கள்" என்று எழுதவில்லை. "மாத வருமானம் 300 முதல் 400 வெள்ளி கூடும், அது அவர் பெயரிலுள்ள கணக்கில் சேரும்" என்று எழுதினோம். 2022-இல் நாட்டின் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. கணவர் 2,300 வெள்ளி சம்பளத்தில் இருக்கும் வீட்டில், அந்த 360 வெள்ளி குடும்பத்தை அந்த 2022 கோட்டுக்கு மேலே தூக்கிவிடும். நிதி கொடுப்பவருக்கு இது புரியும், நம்பவும் முடியும்.

அளப்பதற்கு நாங்கள் வைத்திருப்பது ஒரு பள்ளி நோட்டு. திட்டம் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினோம்: போன மாதம் சொந்தமாக எவ்வளவு சம்பாதித்தீர்கள், சொந்த வங்கிக் கணக்கு உண்டா, அந்த அட்டை யார் கையில் இருக்கிறது, அவசரத்துக்கு 200 வெள்ளி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து அதே நான்கு கேள்வி. அட்டையைப் பற்றிய கேள்விக்குத்தான் பலர் பதில் சொல்லத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலிருந்தே திட்டத்தின் பாதியை எழுதிவிடலாம்.

கணவர் பணத்தை வாங்கிக்கொள்கிறார், அல்லது வெளியே விடமாட்டேன் என்கிறார். இதெல்லாம் திட்டத்தில் வருமா?

வர வேண்டும். எங்கள் அனுபவத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. மாமியாரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வீட்டில் மாமியாரே முறுக்குப் பிழிய வந்து உட்கார்ந்தார், அந்த வீட்டில் அப்புறம் கேள்வியே இல்லை. பணத்தை ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்தி, அவரவர் கணக்கில் போடுங்கள். அடி, மிரட்டல் என்று இருந்தால் அது தையல் வகுப்பில் தீரும் விஷயம் இல்லை. மருத்துவமனையின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ, போலீசுக்கோ, மகளிர் அமைச்சின் 15999 உதவி எண்ணுக்கோ கூட வருவதற்குச் சங்கத்தில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அவருடைய போக்குவரத்துச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

பட்ஜெட்டில் சம்பளம் போட்டால் பேராசைக்காரர்கள் என்று நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். எங்கள் முதல் விண்ணப்பத்தில் "எல்லாம் தொண்டு, சம்பளம் இல்லை" என்று பெருமையாக எழுதினோம். இவர்கள் சோர்ந்துபோனால் திட்டம் யார் நடத்துவார்கள் என்று கேள்வி வந்தது. பெண்கள் சம்பாதிக்க வேண்டும் என்று சொல்லும் திட்டத்தில், அதை நடத்தும் பெண்கள் சும்மா உழைப்பது என்ன நியாயம்? ஒருங்கிணைப்பாளருக்குப் படி போடுங்கள். எத்தனை மணி நேரம், எந்த வேலை என்று எழுதுங்கள்.

சில செலவுகளை எல்லோரும் மறக்கிறார்கள்: மண்டப மின்சாரம், மெஷின் சர்வீஸ், கணக்காய்வாளர் கட்டணம், மொழிபெயர்ப்பு. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) திட்டத்தையும் நாங்கள் போட்டோம். 2022 டிசம்பரில் தொடங்கியது, ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு. இருபது பேருக்கு 2,400 வெள்ளி. முதல் வருஷம் மானியத்திலிருந்து கட்டி, இரண்டாம் வருஷம் அவர்களே கட்டுவது என்று எழுதினோம்.

விண்ணப்பம் தமிழில் எழுதலாமா?

மலாய் அல்லது ஆங்கிலம்தான். ஆனால் முதலில் தமிழில் பேசி, அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அப்புறம் பாரத்துக்கு மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால், அதிகாரம், வலுவூட்டல், நிலைத்தன்மை என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்து விழும், நம் ஊர் காணாமல் போய்விடும். எங்கள் விண்ணப்பத்தில் அதிகாரி கோடு போட்டு வைத்திருந்த வரி இது: "லயத்திலிருந்து மண்டபத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். கடைசி வண்டி மாலை ஆறரைக்கு." பள்ளி முடித்த பிள்ளைகள் மொழிபெயர்க்கட்டும், அவர்களுக்கும் படி கொடுங்கள்.

ஒருவர் வந்து, தானே எழுதிக் கொடுத்து மானியம் வாங்கித் தருவதாகவும் 15 சதவீதம் வேண்டும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். எழுதிக் கொடுக்கும் வேலைக்கு முன்கூட்டியே ஒரு தொகை பேசிக் கொடுப்பது வேறு. வரும் பணத்தில் பங்கு கேட்பது வேறு. அந்த 15 சதவீதத்தை எந்த ரசீதில் காட்டுவீர்கள்? பொய் ரசீது போட வேண்டி வரும், கையெழுத்து உங்களுடையது. எங்களிடமும் ஒருவர் வந்தார், நல்ல சட்டை, பெரிய கோப்பு. அதே விண்ணப்பத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பல சங்கங்களுக்குக் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கத்தில் ஊர்ப் பெயரை மாற்றவும் மறந்துவிட்டார்.

சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்திருக்கும் அம்மாமார்களைச் சேர்க்கலாமா?

அரசாங்க நிதியில் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். தனியார், தூதரக நிதியில் விதி வேறாக இருக்கும், படித்துப் பாருங்கள். இங்கேயே பிறந்து, நாற்பது வருஷம் பால் வெட்டி, இன்னும் சிவப்பு ஐ.சி.யோடு இருப்பவர்கள் நம் லயங்களில் உண்டு. பட்டியலில் பெயர் போட முடியவில்லை என்பதற்காக வகுப்பிலிருந்து அவர்களை வெளியே அனுப்பாதீர்கள். அந்த இரண்டு மூன்று பேருக்கான செலவைச் சங்கத்தின் சொந்தப் பணத்தில் செய்யுங்கள், மானியக் கணக்கில் கலக்காதீர்கள்.

சமையல் திட்டம் என்றால் என்ன அனுமதி வேண்டும்?

உணவு கையாள்வோர் பயிற்சி, டைபாய்டு ஊசி (மூன்று வருஷத்துக்கு ஒருமுறை), சொந்தமாக விற்பவருக்கு எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு. பதிவுக் கட்டணம் சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட ஊராட்சி மன்ற லைசென்ஸ் தனி. இவை எல்லாமே பட்ஜெட்டில் போடக்கூடிய செலவுகள். பயிற்சிக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடுமுன் சுங்கை சிப்புட் சமூகக் கல்லூரியில் குறுகிய காலப் பயிற்சி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கட்டணம் குறைவு, சான்றிதழும் கிடைக்கும்.

உறுப்பினர்கள் கூட்டு (சீட்டு) கட்டுகிறார்கள். அதைச் சேமிப்பு என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. நம் தமிழ்ச் சொல்லே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறது, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. லயத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டுப் பணத்தில்தான் தாலிக்கொடி வாங்கினார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தார்கள், ஏமாந்தும் போனார்கள். சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மண்டபத்தில் அதை நடத்தாதீர்கள். அவரவர் வங்கிப் புத்தகத்தில் மாதம் இருபது வெள்ளி ஏறினால் அதை அறிக்கையில் காட்டுங்கள்.

வரிவிலக்குக் கடிதம் இல்லாமல் கம்பெனிகள் கொடுக்குமா?

சின்னத் தொகை கொடுப்பார்கள். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் ஒப்புதல் இருந்தால், கொடுப்பவர் தன் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். அதனால் பெரிய கம்பெனிகள் இதைக் கேட்கும். புதுச் சங்கம் இதற்காக முதல் வருஷமே ஓட வேண்டாம். கணக்கு வழக்கு இரண்டு மூன்று வருஷம் சீராக ஓடட்டும். ஏற்கெனவே ஒப்புதல் உள்ள அமைப்போடு சேர்ந்து செய்வது நடைமுறைக்கு எளிது. வீடு வீடாக உண்டியல் எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால், அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும்.

பணம் வந்துவிட்டது. இனி?

தனி வங்கிக் கணக்கு, இல்லையென்றால் குறைந்தது தனி லெட்ஜர். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பெரும்பாலும் பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் கொடுத்தால்தான் இரண்டாவது.

ரசீது விஷயத்தில் ஒரு சங்கதி. பெட்ரோல் நிலையம், சூப்பர்மார்க்கெட் ரசீதெல்லாம் சூட்டில் அச்சடிக்கும் தாள். நம் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் உறைக்குள் எட்டு மாதம் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். எங்கள் பொருளாளர் ஒருநாள் கோப்பைத் திறந்தார், நாற்பது ரசீதும் வெறுமை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் எழுதினேன். இரவு பதினொன்றரை ஆனது, ஆறு ரசீது கடைசிவரை தெரியவில்லை, அந்த 212 வெள்ளியைச் சங்கமே ஏற்க வேண்டியதாயிற்று. வாங்கிய அன்றே நகலெடுங்கள். போனில் படம் எடுத்து, தேதி போட்டு, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டு வையுங்கள். உறுப்பினர் வீட்டில் வாங்கிய தேங்காய்க்கு ரசீது இருக்காது. அதற்கு ஒரு வவுச்சர் புத்தகம் வைத்து, கொடுத்தவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

திட்டம் நினைத்தபடி போகவில்லை என்றால் மறைக்காமல் சீக்கிரமே எழுதிச் சொல்லுங்கள். வேன்காரர் பாதியில் நின்றுவிட்டார், அந்தப் பணத்தைப் பெட்ரோல் படியாக மாற்றலாமா என்று நாங்கள் கேட்டோம். இரண்டே நாளில் சரி என்று பதில் வந்தது. கேட்காமல் மாற்றியிருந்தால் அது வேறு கதை ஆகியிருக்கும்.

நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்ய?

காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், சிலர் சொல்வார்கள். எங்களுக்கு மூன்று முறை இல்லை என்று வந்தபின்தான் நான்காவது கிடைத்தது. அதே பாரத்தைத் தேதி மாற்றி மறுபடி அனுப்புவது மட்டும் வேண்டாம்.

மானியம் முடிந்தபின் எப்படி நடத்துவது?

எல்லாவற்றையும் தொடர்ந்து நடத்த முடியாது, முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். எங்களால் வேனைத் தொடர முடியவில்லை. இப்போது இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் மற்ற இருவரை ஏற்றி வருகிறார்கள், பெட்ரோலுக்கு ஆர்டர் பணத்திலிருந்து வாரம் பத்து வெள்ளி. பிள்ளை பார்க்கும் இடம் நிற்கிறது. தாய்மார்கள் நாளுக்கு நான்கு வெள்ளி கொடுக்கிறார்கள், மீதியை ஒவ்வொரு ஆர்டரிலும் பிடிக்கும் பத்து சதவீதம் ஈடுகட்டுகிறது. ஆர்டர் பிடித்துக் கொடுத்தவருக்கு இனிப் படி இல்லை, கொண்டுவரும் ஆர்டருக்குக் கமிஷன். பத்து மெஷினில் எட்டு ஓடுகிறது. ஒன்று பழுது. பத்தாவதை, இரண்டு வாரத்தில் நின்றுபோன அந்தத் தங்கை திரும்பி வந்து, மாதத் தவணையில் விலைக்கு எடுத்துத் தன் லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். இன்னும் இரண்டு தவணை பாக்கி.

நாளைக்கே எதையாவது தொடங்க வேண்டுமென்றால் எதைத் தொடங்குவது?

சங்கத்தின் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முன்னாள் செயலாளர் வீட்டு அலமாரியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருக்கும்.